அரசிதழில் வந்துவிட்டால் பெயர் மாறிவிடுமா?

தமிழ்நாடு அரசிதழின் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். அந்தப் பக்கங்களில் அரசாணையோ சட்டத் திருத்தமோ இருக்காது. வரிசையாகச் சாதாரண மனிதர்களின் பெயர்கள்தான் இருக்கும். எல்லா அறிவிப்புக்கும் ஒரே வாய்பாடு: இன்னாரின் மகனாகிய நான், இந்தத் தேதியில் பிறந்தவன், சொந்த மாவட்டம் இது, இந்த முகவரியில் வசிக்கிறேன், இனிமேல் இந்தப் பெயரால் அழைக்கப்படுவேன். கீழே ஊர், தேதி. ஒரு எழுத்தை மட்டும் கூட்டியவர், இனிஷியலை மாற்றியவர், மதம் மாறியவர், மகளின் பெயரை மாற்றும் தகப்பனார் என்று எல்லோரும் அடுத்தடுத்து நிற்பார்கள்.

இந்த அறிவிப்புகளுக்கு மேலே ஓர் எச்சரிக்கை அச்சாகிறது. பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதே இல்லை. பெயர் மாற்ற அறிவிப்பை வெளியிடுவதால் அரசுக்கு எந்தச் சட்டப் பொறுப்பும் கிடையாது, அதன் விளைவுகளுக்கும் தவறான தகவலுக்கும் அறிவிப்பு கொடுத்தவரே முழுப் பொறுப்பு என்பது அதன் சாரம். கெஜட்டில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். அரசிதழ் உங்களுக்குப் புதுப் பெயர் சூட்டுவதில்லை, அனுமதி தருவதும் இல்லை. நீங்கள் எடுத்த முடிவை ஊரறிய அச்சிட்டு, அதற்கு ஓர் ஆதாரத்தைக் கையில் கொடுக்கிறது. அவ்வளவுதான். அந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு ஆதார் மையம், வங்கி, பாஸ்போர்ட் அலுவலகம், பள்ளி என்று ஒவ்வொரு பதிவேட்டிலும் பெயரை மாற்றிக்கொள்வது உங்கள் வேலை. பெயர் மாற்றத்தில் மக்கள் படும் பாடெல்லாம் இந்த இரண்டாம் பாதியில்தான் நடக்கிறது. அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் குடிமக்கள் எல்லோருக்கும் பொதுவான தனிப் பெயர் மாற்றச் சட்டம் என்று ஒன்று இல்லை. அது ஒரு வகையில் நல்லதே. உங்கள் பெயரை மாற்றிக்கொள்ள யாரிடமும் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. ஒருவர் தன் பெயரைத் தான் விரும்பியபடி வைத்துக்கொண்டு வெளிப்படுத்துவது அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையிலும் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2020இல் ஒரு மாணவியின் வழக்கில் சொன்னது. அடுத்த ஆண்டு, 2021 ஜூன் 3 அன்று, சிபிஎஸ்இ சான்றிதழ்கள் தொடர்பான வழக்குகளில் உச்ச நீதிமன்றமும் பெயர் என்பது ஒருவரின் அடையாளத்தின் பிரிக்க முடியாத கூறு என்பதை ஏற்றுத் தீர்ப்பு எழுதியது. ஆக, உரிமையில் சந்தேகமே இல்லை. ஆனால் உரிமை இருப்பதும், பாஸ்போர்ட் அலுவலகக் கணினி உங்கள் புதுப் பெயரை ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி விதி இருக்கிறது, தனித்தனி ஆவணப் பட்டியல் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பெயர் மாற்றிக்கொள்வது புதிய பழக்கமும் அல்ல. சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனார். வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். கொள்கைக்காகப் பெயரை மாற்றிக்கொண்டு, அந்தப் பெயராலேயே ஊர் அழைத்து, அதுவே வரலாற்றில் நின்றுவிட்டது. அன்றைக்குப் பெயர் என்பது பழக்கத்தால் நிலைத்தது. கிராம நிர்வாக அலுவலருக்கோ தலைமை ஆசிரியருக்கோ ஆளைத் தெரியும். பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் தெரியும். இன்றைக்கு ஆளைத் தெரியாத தரவுத்தளங்கள் ஒன்றோடொன்று எழுத்தை எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஆதாரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தால் பான் கார்டோடு இணையாது. பான் இணையாவிட்டால் வருமான வரியில் சிக்கல், வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) எடுப்பதில் சிக்கல் என்று தொடரும். சட்டம் தாராளமாக விட்டுக்கொடுத்த இடத்தைக் கணினியின் எழுத்துப் பொருத்தம் பிடித்துக்கொண்டது. என் பார்வையில் இன்றைய பெயர் மாற்றப் பிரச்சினையின் வேர் இதுதான்.

இங்கே மூன்று வேறு விஷயங்களை எல்லோரும் "பெயர் மாற்றம்" என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். யாரோ ஒரு எழுத்தர் செய்த எழுத்துப் பிழையைச் சரிசெய்வது ஒன்று. இனிஷியலை விரித்து எழுதுவது, அல்லது தந்தை பெயரைத் துணைப் பெயராகச் சேர்ப்பது இன்னொன்று. இதுவரை இல்லாத ஒரு பெயரை ஏற்றுக்கொள்வது மூன்றாவது. இவற்றில் நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று தெளிவாகாமல் ஒரு படிவத்தையும் நிரப்பாதீர்கள்.

எழுத்துப் பிழைக்கு அரசிதழ் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழிலும் பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருந்து, வாக்காளர் அட்டையில் மட்டும் தவறாக வந்திருந்தால், அந்த அட்டையைத் திருத்தினால் போதும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 இருக்கிறது. பான் கார்டுக்கு அதற்கென்றே திருத்தப் படிவம் இருக்கிறது, எண் மாறாது. ஆனால் அவசரத்தில் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், ஒரு அட்டையில் இருக்கும் பிழைக்காக ஓடிப்போய் கெஜட்டில் போட்டுவிடுகிறார்கள். விளைவு? "இந்தப் பெயரில் இருந்த நான் இனி அந்தப் பெயரால் அழைக்கப்படுவேன்" என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். ஒருபோதும் உங்கள் பெயராக இல்லாத ஒரு பிழை, அச்சில் உங்கள் பழைய பெயராகிவிடுகிறது. இல்லாத ஒரு முன்பெயரை வாழ்நாள் முழுக்க விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கு, காப்பீட்டுத் தொகை, வாரிசுரிமை போன்றவற்றில் இரண்டு ஆவணங்களில் பெயர் கொஞ்சம் வேறுபட்டால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தே பல இடங்களில் காரியம் முடிந்துவிடும். இறந்துபோன அப்பாவின் பத்திரத்தில் "சுப்ரமணியன்", ஓய்வூதிய ஆணையில் "சுப்பிரமணி" என்று இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். அதற்கெல்லாம் இறந்தவர் பெயரில் கெஜட் போட முடியாது, போட வேண்டியதும் இல்லை.

இரண்டாவது வகையான இனிஷியல் பிரச்சினைதான் தமிழர்களை அதிகம் அலைய விடுகிறது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சாதிப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவதைக் கைவிட வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பெரியார் தன் பெயரிலிருந்து நாயக்கரை எடுத்தார். அந்த அலை பரவி, முதலியாரும் பிள்ளையும் தேவரும் ஐயரும் பெரும்பாலான தமிழ்ப் பெயர்களிலிருந்து உதிர்ந்தன. அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் தன் பெயர், தீர்ந்தது. ஒருவருடைய பெயரைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது என்ற நிலையை ஒரு சமூகமே சேர்ந்து உருவாக்கியது. அதைப் பெருமையாகவே சொல்லலாம்.

ஆனால் உலகம் பயன்படுத்தும் படிவங்கள் குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் நகர முடியாது. அங்கே வெறும் இனிஷியலையும் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்கள், அங்கும் இனிஷியலை விரிக்கச் சொல்வார்கள். முருகன் மகன் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் மு. செல்வம், ஆதாரில் செல்வம் மு., பான் கார்டில் செல்வம் முருகன், பாஸ்போர்ட்டில் சொந்தப் பெயர் செல்வம், குடும்பப் பெயர் காலி. நான்கும் உண்மையான பெயர்தான், நான்கும் ஒரே ஆள்தான். கணினிக்கு மட்டும் நான்கு பேர்.

குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு வெளிநாட்டில் வேறு மாதிரி தொல்லை. அமெரிக்க விசாவில் இருக்கும் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "முதல் பெயர் தெரியவில்லை" என்பதைக் குறிக்கும் எஃப்என்யூ என்ற மூன்று எழுத்தை அச்சிட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசா போன்றவற்றில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் அச்சிடப்படும் தந்தை பெயரை ஏற்றுக்கொள்வதாக அப்புறம் விளக்கம் வந்தது. அந்த சில நாட்களுக்குள் துபாய்க்கு டிக்கெட் போட்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் பட்ட பதற்றம் கொஞ்சமல்ல.

இனிஷியலை விரிப்பது பெயர் மாற்றம் அல்ல, விளக்கம்தான். அப்பா பெயர் உங்கள் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிதழிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆதாரமாகக் காட்டியே பெரும்பாலான இடங்களில் விரித்து எழுதிக்கொள்ளலாம். எந்த வடிவத்தில் என்பதை மட்டும் வாழ்நாளுக்கு ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். என் யோசனை: பாஸ்போர்ட்டில் எந்த வடிவம் இருக்கிறதோ, அல்லது இருக்கப் போகிறதோ, அதையே தலைமை வடிவமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு இழுத்து வாருங்கள். கையொப்பத்தில் தமிழ் இனிஷியல் போடுவதற்கு இது எந்த வகையிலும் தடையில்லை.

சரி, மூன்றாவது வகைக்கு வருவோம். உண்மையிலேயே பெயரை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் அரசிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை. விண்ணப்பப் படிவமும் அறிவுரைகளும் துறையின் இணையதளத்தில் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் நாளில் அங்கே இருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். யாரோ எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய படிவத்தை நம்பிப் போகாதீர்கள். கட்டணம் சில நூறு ரூபாய்தான். இதற்கு இடைத்தரகர்கள் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். படிவத்தைப் படித்து நிரப்பத் தெரிந்தவருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

பிறந்த தேதிக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ, முகவரிச் சான்று, புகைப்படம், தகுதியுள்ள அலுவலரின் சான்றொப்பம் ஆகியவை அடிப்படை. இதற்கு மேல் கேட்பது உங்கள் காரணத்தைப் பொறுத்தது. தத்து எடுத்த பிள்ளை என்றால் தத்துப் பத்திரம், மணமுறிவுக்குப் பின் பெயரை மாற்றினால் நீதிமன்றத் தீர்ப்பின் நகல், மதம் மாறியதால் என்றால் அதற்கான சான்று. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்க வேண்டும். அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகத்துக்குத் தெரியாமல் இதைச் செய்யக் கூடாது. பணிப்பதிவேட்டில் ஏறாத பெயர் ஓய்வூதியம் வாங்கும் வயதில்தான் குடைச்சல் கொடுக்கும்.

படிவத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிதானமாக நேரம் செலவழியுங்கள். பழைய பெயர், புதிய பெயர் என்ற இரண்டு கட்டங்கள்தான் அவை. பழைய பெயர் நீங்கள் இணைக்கும் சான்றிதழில் இருக்கும் அதே எழுத்து, அதே இடைவெளி, அதே புள்ளியோடு இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால். புதிய பெயரை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வீட்டில் இரண்டு பேரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டு நிரப்புங்கள். எண்கணித ஜோதிடம் பார்த்து எழுத்துக் கூட்டுகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் ஒரு "ஏ" கூடுதலாகப் போட்ட பெயரை அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஒவ்வொரு படிவத்திலும் அதே போல் எழுதப் போவது நீங்கள்தான். எழுத்துக் கூட்டுவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை கூட்டிவிட்டு, பலன் இல்லை என்று மறுபடி குறைப்பதுதான் பெரிய ஆபத்து. அது ஏன் என்பது ஆதாருக்குப் போகும்போது புரியும்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். அதற்கு மேல் என்றால் சிறப்பு விலக்கு கேட்டு மண்டல அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்றை ஏற்கெனவே எழுத்துப் பிழைக்குச் செலவழித்துவிட்டவர்கள் நிறையப் பேர். எனவே ஆதாரில் கைவைக்கும் முன் இறுதி வடிவம் உறுதியாக இருக்க வேண்டும். முழுப் பெயரும் மாறுகிறது என்றால் அரசிதழ் நகலோடு, பழைய பெயரில் புகைப்படம் உள்ள ஓர் அடையாள அட்டையும் கேட்பார்கள். இது பலருக்குத் தெரியாது. புதுப் பெயர் வந்த உற்சாகத்தில் கையில் இருக்கும் எல்லா அட்டைகளையும் மாற்றிவிட்டு, பழைய பெயரைக் காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு.

பெரும்பாலானவர்களுக்கு ஆதாரில் தொடங்குவதே நல்லது. மற்ற எல்லாத் துறைகளும் இன்றைக்கு ஆதாரைத்தான் பார்க்கின்றன. அடுத்தது பான், அதற்கடுத்தது வங்கி. வங்கியில் பெயர் மாறினால் கையொப்பமும் மாறுமா என்று அங்கேயே கேட்டு, மாதிரிக் கையொப்பத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காசோலை திரும்பி வரும். வேலையில் இருப்பவர்கள் வைப்பு நிதிக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். அதில் பெயரைத் திருத்த ஊழியரும் நிறுவனமும் சேர்ந்து கூட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருக்கலாம். அந்த நிறுவனத்தில் வேலையில் இருக்கும்போதே செய்தால் எளிது. விட்டுப் போன பிறகு பழைய நிறுவனத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் திருத்தம் என்று எதுவும் கிடையாது, புதுப் பெயரில் மறுவெளியீடு வாங்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தாலோ பயணம் நெருங்கியிருந்தாலோ கொஞ்சம் பொறுங்கள். விமான டிக்கெட் பழைய பெயரிலும் பாஸ்போர்ட் புதிய பெயரிலும் இருந்தால் விமான நிலையத்தில் அரசிதழைக் காட்டி வாதாடிப் பயனில்லை. போட்டித் தேர்வுக்கு விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: தேர்வு முடியட்டும்.

பள்ளிச் சான்றிதழ்தான் எல்லாவற்றிலும் கடினமானது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் பிறந்த தேதிக்கும் பெயருக்கும் வாழ்நாள் ஆதாரமாக நிற்கிறது, ஆகவே அதில் கைவைக்கத் தேர்வுத் துறைகள் தயங்குகின்றன. தமிழ்நாட்டில் நடைமுறை என்னவென்றால், பள்ளிப் பதிவேட்டில் சரியாக இருந்து சான்றிதழில் பிழையாக அச்சானால், தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்துத் திருத்தலாம். படித்து முடித்துப் பல ஆண்டு கழித்துப் பெயரை மாற்றிக்கொண்டவர், பழைய சான்றிதழ்களை அப்படியே வைத்துக்கொண்டு அரசிதழ் நகலை அவற்றோடு சேர்த்துக் காட்டுவதுதான் வழக்கம். வேலைக்கு எடுப்பவர்களும் பல்கலைக்கழகங்களும் அதைப் பார்த்துப் பழகியவர்கள்தான்.

சிபிஎஸ்இயில் படித்தவர்களுக்கு 2021 தீர்ப்பு தெளிவான வழி காட்டியிருக்கிறது. பள்ளிப் பதிவேட்டிலோ பிறப்புச் சான்றிதழ் போன்ற பொது ஆவணத்திலோ இருப்பதற்கு ஏற்பச் சான்றிதழைத் திருத்தச் சொன்னால் வாரியம் மறுக்கக் கூடாது. முற்றிலும் புதிய பெயரைக் கேட்டால், முதலில் நீதிமன்றத்தின் அனுமதியையோ பிரகடனத்தையோ பெற்று, அரசிதழிலும் வெளியிட்டிருக்க வேண்டும். அப்போதும் பழைய பெயரும் மாறிய தேதியும் சான்றிதழில் குறிப்பாக இருக்கும். படிக்காதவர்கள் கஷ்டப்படுவார்கள் என்பதல்ல, பன்னிரண்டு ஆண்டு படித்தவர்கள்தான் இதில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள் என்பது வேதனையான விஷயம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால், பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்புவார்கள். அந்தத் தாளைப் பிள்ளையின் பொறுப்பில் விட்டுவிடாமல் பெற்றோரே உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியல் எந்தப் பக்கம், அப்பா பெயரின் எழுத்து, பிறந்த தேதி என்று எல்லாவற்றையும். அந்தக் கட்டத்தில் பள்ளியிலேயே திருத்திவிடலாம். சான்றிதழ் அச்சான பிறகு அதே எழுத்துக்காகச் சென்னைக்குக் கோப்பு போக வேண்டும்.

பிறப்புச் சான்றிதழில் சட்டம் இன்னும் இறுக்கமானது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெயர் இல்லாமல் பதிவான குழந்தைக்குப் பின்னர் பெயர் சேர்க்க வழி செய்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லை, அதன் பிறகு பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை சேர்த்த பெயரை விருப்பத்துக்கு மாற்ற 15ஆம் பிரிவு இடம் தருவதில்லை. பதிவில் பிழை இருப்பது நிரூபணமானால் மட்டும், மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதிப் பதிவாளர் கையொப்பமிட்டுத் தேதி போடுவார். பெயர் சூட்டு விழாவில் ஒரு பெயர், ஆஸ்பத்திரியில் அவசரத்தில் கொடுத்த பெயர் வேறு என்று இருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பதிவு செய்யும்போது பெயர் முடிவாகவில்லை என்றால் காலியாக விடுவதில் எந்தத் தவறும் இல்லை.

பெண்களின் உரிமை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருமணமானால் இனிஷியலை அப்பாவிடமிருந்து கணவருக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்றாமல் இருப்பதே எளிது. சான்றிதழ், வேலை, வங்கி எல்லாம் ஏற்கெனவே அந்தப் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். புகுந்த வீட்டில் யாராவது சட்டப்படி அவசியம் என்று சொன்னால் அது பொய். விரும்பி மாற்றுகிறவர்கள் பதிவுத் திருமணச் சான்றை வைத்தே ஆதார், பாஸ்போர்ட் போன்றவற்றில் மாற்றிக்கொள்ளலாம்.

குழந்தைக்கு அம்மாவின் இனிஷியலை வைக்கக் கூடாது என்று சொல்லும் அலுவலகங்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உள்ளன. மணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலேயே குழந்தையின் பாதுகாவலராகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அப்பா அம்மா இருவரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும் என்று விதியைத் தளர்த்தியது. தந்தை இறந்துவிட்ட நிலையில் இயற்கைப் பாதுகாவலரான தாய்க்குக் குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை உண்டு என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு பெண்ணைப் பள்ளி அலுவலக மேசை முன்னால் நிறுத்தி, எல்லோர் காதிலும் விழ "அப்பா எங்கே" என்று கேட்பதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை.

திருநர்களுக்குப் பாதை வேறு. 2014 ஏப்ரலில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, 2019இல் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்றிதழ் அந்தச் சட்டத்தின் மையம். அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழில் முதல் பெயரையும், மற்ற அலுவல் ஆவணங்களையும் மாற்றிக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மற்றவர்களுக்குக் கிட்டாத பிறப்புச் சான்றிதழ் மாற்றம் இவர்களுக்குச் சட்டப்படியே கிடைக்கிறது. விண்ணப்பிக்க ஒன்றிய அரசின் இணையதளம் இருக்கிறது. நடைமுறையில் ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனியாக இழுத்தடிப்பதுண்டு. அப்போது அரசிதழ் கேட்டு அனுப்புவதற்குப் பதிலாக, இந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவைச் சுட்டி எழுத்தில் பதில் கேட்பது பலன் தரும்.

பெயர் மாறினாலும் மாறாதவை பல இருக்கின்றன. பழைய பெயரில் வாங்கிய கடன் உங்கள் கடன்தான், போட்ட கையெழுத்து உங்களைக் கட்டுப்படுத்தும், வழக்கு இருந்தால் அது தொடரும். சாதிச் சான்றிதழின் தகுதி பெயர் மாறியதால் மட்டும் மாறாது. மதம் மாறினால் அதற்கான சட்ட விளைவுகள் வேறு, அவற்றைத் தனியாக விசாரிக்க வேண்டும். நிலம் உங்கள் பழைய பெயரில் இருந்தால் சொத்துரிமை போய்விடாது. விற்கும்போதோ அடமானம் வைக்கும்போதோ பத்திரத்தில் பழைய பெயரையும் குறிப்பிட்டு அரசிதழ் விவரத்தை எழுதுவார்கள். தாலுகா அலுவலகத்தில் பட்டா பெயர் மாற்றம் என்று சொல்வது நிலத்தின் உரிமையாளர் மாறுவதைத்தான் குறிக்கிறது, அந்த வரிசையில் போய் நின்றுவிடாதீர்கள்.

அரசிதழ் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் அறிவிப்பை ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பது. பிழை இருந்தால் உடனே துறைக்கு எழுதுங்கள். அந்த நகலை வைத்து ஆதாரை மாற்றிவிட்ட பிறகு கண்டுபிடித்தால் இரண்டு வாய்ப்பில் ஒன்று போய்விடும். சரியாக இருந்தால், துறையின் இணையதளத்தில் அந்த வார இதழின் கோப்பைப் பதிவிறக்கி, இதழ் எண், தேதி, பக்க எண் மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படிவத்தில் கேட்டாலும் அந்த மூன்றுதான் கேட்பார்கள். மூல இதழை லேமினேட் செய்யாதீர்கள், சில அலுவலகங்கள் லேமினேட் செய்த ஆவணத்தை ஏற்பதில்லை. பழைய பெயரில் இருக்கும் ஓர் அடையாள அட்டையின் வண்ண நகலையும் அதே கோப்பில் போட்டு வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் உங்கள் இரண்டு பெயரும் ஒன்றுதான் என்று நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு இந்த அலைச்சல் பாதியாகக் குறையலாம், அல்லது இரட்டிப்பாகலாம். அன்று முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட் ஆகிய எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடத்துக்கான ஒரே ஆவணமாகப் பிறப்புச் சான்றிதழை ஆக்கியிருக்கிறது. ஆகவே புதிதாகப் பெற்றோரானவர்கள் குழந்தையின் பெயரைப் பதியும் நாளிலேயே தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும், இனிஷியலா முழுப் பெயரா என்பதும், அப்பா அம்மா இருவரின் பெயரும் அவர்களுடைய ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதும் சரிதானா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பதிவாளர் கணினியில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று திரையைப் பார்க்கிறேன் என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள்.